மஹ்ரூப் விட மறுத்த கோல்

அந்தப் படத்துக்காக நான் முதன்முதலில் தைத்துக் கொடுத்தது ஒரு வயிறு.

ஜேர்சிகள் எல்லாம் பிறகுதான் வந்தன. ஒரு நாள் காலை, ஆலங்குடாவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. கொழும்பிலிருந்து வந்த டைரக்டர் தம்பி இறங்கினார். பெயர் தர்ஷன். மெலிந்த உடம்பு, கொஞ்சம் தாடி. அவருக்குப் பின்னால் இன்னொருவர் இறங்கினார். உயரம், முகவெட்டு, காது கூட அப்படியே என் வீட்டுக்காரர். வயிறு மட்டும் இல்லை.

"அன்ரி, இவர்தான் எங்கட ஹீரோ," என்றார் தர்ஷன். "அங்கிள்ட வயிறு மாதிரி ஒண்டு இவருக்கு வேணும். தைக்கலாமா?"

என் வீட்டுக்காரர் ஜலால்தீன் கதிரையில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி மகன் என்பதால் நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எழுப்பி நிறுத்தி, வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டேன். மனுசன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மூச்ச விடுங்க மச்சான். படம் பார்க்கிற சனம் ஏமாறும்."

"இது வயிறா? வெறும் காத்து," என்றார்.

சென்ற வாரப் பத்தியை என் தையல் மெசின் வீட்டுக்கு வந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். அந்த மெசினில் கலியாண உடுப்பு தைத்திருக்கிறேன், பள்ளிக்கூட உடுப்பு தைத்திருக்கிறேன். புருசனுடைய வயிற்றைத் தைத்தது அன்றைக்குத்தான். இலவம்பஞ்சு அடைத்து, முதுகில் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி செய்தேன். ஹீரோ அதைக் கட்டிக்கொண்டு மச்சானுக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கே தலை சுற்றியது.

இத்தனை வருசம் குடும்பம் நடத்திய மனுசனை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். மற்றவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிகிற ஆவல் அன்றைக்குத்தான் என்னைப் பிடித்தது. அது படம் முடியும்வரை விடவில்லை.

பாதி ஆட்டம்

மச்சானைப் போன்ற கருவாட்டு வியாபாரி ஒருவரை வைத்து யார் படம் எடுப்பார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு யுத்தக் காலத்து மன்னாருக்கு, நாங்கள் பிறந்த ஊருக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு பனங்கூடல்தான். பெண் கொடுப்போம், எடுப்போம். ஒரு மௌத்து, சாவு வீடு என்றால் முதலில் வந்து நிற்பது அவர்கள்தான். உதைபந்தாட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் கீரியும் பாம்பும்.

மச்சான் ஆட்டக்காரர் இல்லை. தட்டைப் பாதம், ஓடினால் வாத்துதான். அவர் பார்க்கிறவர். எங்கள் ஊர் எங்கே ஆடினாலும் பச்சைக் கொடியோடு முதல் ஆளாக நிற்பார். எங்கள் கலியாணத்தன்றுகூட பின்னேர ஆட்டம் முடிந்த பிறகுதான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். என் வாப்பா அதை மௌத்தாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு ஊருக்கும் கடைசியாக நடந்தது ஓர் இறுதி ஆட்டம். இடைவேளைக்குள் அவர்கள் ஒன்று, நாங்கள் சைபர். எங்கள் பொடியன்கள் அடித்ததையெல்லாம் அவர்களுடைய கோல் கீப்பர் மஹ்ரூப் பிடித்துவிட்டார். நல்ல உயரம், நீண்ட கை, பேச்சுக் குறைவு. இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு ஹெலிகொப்டர் தாழ வந்து சுற்றத் தொடங்கியது. சனம் சிதறி ஓடியது. மிச்சத்தை வருகிற வெள்ளி, ஜும்மாவுக்குப் பிறகு வைத்துக்கொள்வோம் என்று மத்தியஸ்தர் கத்திச் சொன்னார்.

அந்த வெள்ளி வரவில்லை. அதற்கு முன்பே, முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று இயக்கக்காரர்கள் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிவிட்டார்கள்.

கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் இரண்டு ஊர்க்காரரையும் ஒன்றாக ஏற்றினார்கள். என் மடியில் கைக்குழந்தை. மேலே மழை, கீழே கடல் தண்ணீர், சுற்றிலும் வாந்தி.  அந்த வள்ளத்தில், நனைந்த சட்டையோடு, மச்சான் எதிரே இருந்த மஹ்ரூபைப் பார்த்து, அண்ணன் முறையில் கூப்பிட்டுக் கேட்டார்:

"மஹ்ரூப் நானா, மிச்சத்த எங்க வெச்சி விளையாடுற?"

மஹ்ரூப் கரை மறைந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மிச்சம்? எல்லாம் முடிஞ்சி," என்றார்.

அந்தச் சொல்லை மச்சானால் செமிக்க முடியவில்லை. மஹ்ரூப் ஆட்டத்தை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மச்சானுக்கும் தெரிந்தது. தெரிந்ததனால்தான் பிடிவாதம் பிடித்தார். ஆட்டம் முடியவில்லை என்றால் ஊரும் முடியவில்லை என்பது அவருடைய கணக்கு. வெல்ல வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. "முடியல்ல" என்று மஹ்ரூப் தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஒரே சஹனில்

கரையேறிய பிறகும் அல்லாஹ் இரண்டு ஊரையும் பிரித்துவைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து முகாம், கிடுகுக் கொட்டில், ஒரே தண்ணீர் பவுசர் லொறிக்கு ஒரே வரிசை. மஹ்ரூப் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். பிறகு குத்தகைக்கு நிலம் எடுத்துத் தானே வெங்காயம் போட்டார். மச்சானுக்குக் கருவாடு. சந்தையில் கண்டால் சலாம் சொல்வார்கள், சுகம் விசாரிப்பார்கள், விலை பேசுவார்கள். பிரிகிற நேரத்தில்தான் விசயத்துக்கு வருவார்கள்.

"என்ன மஹ்ரூப் நானா, ஆட்டம் இன்னம் முடியல்ல."

"முடிஞ்சி ஜலால். ஒண்டுக்கு சைபர்."

பெருநாள் திடலிலும் இதுதான், மையத்து வீட்டு வாசலிலும் இதுதான். வள்ளத்தில் என் மடியில் கிடந்த அதே மகளின் கலியாணத்தில், மஹ்ரூப் மச்சானோடு ஒரே சஹன் தட்டில் கைவைத்து வயிறாரச் சாப்பிட்டார். இறைச்சியில் நல்ல துண்டை மச்சான் பக்கம் தள்ளிவிட்டார். கை கழுவினார். மாப்பிள்ளைக்கு துஆச் செய்தார். "முடிஞ்சி" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

யுத்தம் ஓய்ந்து பாதை திறந்ததும் மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு ஊர் பார்க்கப் போனார். எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தேடிப் போனேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உடைமரக் காட்டுக்குள் நிற்கிறார்.

"இது கோர்னர், புள்ள. மஹ்ரூப் நிண்டது அங்க, அந்தப் புத்துக்குப் பக்கத்தில."

முள் கிழித்துக் காலெல்லாம் இரத்தம். வீட்டைப் பார்க்க வந்த மனுசன் விளையாட்டுத் திடலைத் தேடுகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நன்றாக ஏசினேன்.

"வீட்ட எங்கயும் கட்டலாம் புள்ள," என்றார்.



புத்தகத்து மனுசனும் படத்து மனுசனும்

சின்ன வயதில் முகாமுக்கு வந்து, பிறகு அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நஸீரா டீச்சர் இந்த வழக்கைப் பார்த்தே வளர்ந்தவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "ஜலால் மாமா, ஒங்கள வெச்சி ஒரு நாவல் எழுதட்டா?" என்று கேட்டார்.

"தாராளமா எழுதுங்க மகள். ஸ்கோர மட்டும் மாத்தக் கூடா," என்றார் மச்சான்.

மெல்லிய புத்தகம். சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தார். அதில் வரும் ரசிகன் காண்கிறவரையெல்லாம் பிடித்து மிச்ச ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பான். பழைய மத்தியஸ்தர் மௌத்தாகிவிட்டார் என்று தெரிந்ததும் அவருடைய விசிலைத் தேடி வீடு வீடாக அலைவான். கடைசியில், வெங்காயம் பிடுங்கிய வெறும் தோட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் காத்திருப்பான். ஒருவரும் வரமாட்டார்கள். ஒரு கழுதை மட்டும் வந்து நடுவில் நிற்கும். புத்தகம் அதோடு முடிந்துவிடும்.

கழுதை வரும்வரை நான் சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

நாவலில் வரும் மனைவி பெரிய வாயாடி. "நான் இப்பிடியா கதைக்கிறன்?" என்று மச்சானிடம் கேட்டேன்.

"டீச்சர் கொஞ்சம் குறைச்சி எழுதியிருக்கி," என்றார்.

தர்ஷன் அந்த நாவலைத்தான் படமாக எடுத்தார். படத்தில் அந்த வாயாடிக்குப் பெரிய கண்களைக் கொடுத்து, தொட்டதற்கெல்லாம் அழ வைத்தார்கள். முடிவையும் மாற்றினார்கள். "கழுதையோட முடிச்சா சனம் சிரிச்சிக்கொண்டு வீட்ட போகாது அன்ரி," என்றார் தர்ஷன். ஆகவே படத்தில் இரண்டாம் பாதி உண்மையாகவே நடக்கும். ஆட்டக்காரர் ஒருவர் மயங்கி விழ, ஆளில்லாமல் ரசிகனையே இறக்குவார்கள். கடைசி நேரத்தில் ஒரு பெனல்டி. அவன் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பான். கோல். ஒன்றுக்கு ஒன்று, சமன். இரண்டு ஊரும் கட்டிப்பிடிக்கும்.

"சமன் எண்டா ரெண்டு ஊருக்கும் சந்தோசம்தானே?" என்று தர்ஷன் எங்களைப் பார்த்துக் கேட்டார். பாவம், எங்களுக்குள் வந்து மாட்டிக்கொண்ட பிள்ளை.

டீச்சர் முகம் சுருங்கினாலும் தடுக்கவில்லை. இடைவேளை ஸ்கோரை மட்டும் மாற்ற வேண்டாம் என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

மச்சானுக்கோ தலைகால் புரியவில்லை. கோல் கீப்பராக நடிக்க உண்மையான மஹ்ரூபே வேண்டும் என்று தர்ஷன் கேட்டு, அவரும் சம்மதித்துவிட்டார். "இனி அவர் முடிஞ்சி எண்டு சொல்ல ஏலா," என்றார் மச்சான். "ரெண்டாம் பாதிக்கு அவரே வந்து நிக்கப் போறார். நாடே பாக்கும்."

மஹ்ரூபைச் சந்தையில் கண்டபோது நானே கேட்டுப் பார்த்தேன்.

"அது ஷூட்டிங் தங்கச்சி. ஆட்டமில்ல," என்றார்.

பந்து வருகிற பக்கம்

பள்ளிவாசல்துறைக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு திடலில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். எல்லாம் கொண்டுவந்த கொழும்பு ஆட்கள் கோலுக்கு வலை கொண்டுவர மறந்துவிட்டார்கள். துறையில் போய்ப் பழைய மீன்வலை ஒன்றைக் கேட்டு எடுத்து வந்தார்கள். அதை வெட்டி, கம்பத்தோடு பிடித்துத் தைத்தது நான்தான். மீன் மணத்துக்குக் காகங்கள் வந்து மேல் கம்பத்தில் வரிசையாக உட்கார்ந்தன. அவற்றைத் துரத்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

எனக்கு எல்லாமே அதிசயம். படத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்கள் சனம் சிரிப்பதை முதலில் எடுத்தார்கள், சிரிப்புக்குக் காரணமானதைப் பிறகு எடுத்தார்கள். கோலே விழாமல் இரண்டு ஊரும் கட்டிப்பிடித்துக்கொண்டதைக் காலையிலேயே எடுத்து முடித்துவிட்டார்கள்.

பார்வையாளராக நடிக்க இரண்டு ஊர்ச் சனமும் வந்திருந்தது. கலந்து இருக்கச் சொல்லி மைக்கில் கெஞ்சினார்கள். ஒரு பாடாகக் கலந்து இருத்தினார்கள். லுஹருக்குப் பாங்கு சொல்லி, தொழுது, சோற்றுப் பார்சல் சாப்பிட்டுத் திரும்பியபோது எங்கள் ஊர் ஒரு பக்கம், அவர்கள் ஊர் மறு பக்கம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கால் தானாகப் போய்விட்டது.

பின்னேரம் பெனல்டி. ஹீரோ இலவம்பஞ்சு வயிற்றோடு வந்து உதைப்பார், பந்து வலப்பக்கம் போகும், மஹ்ரூப் இடப்பக்கம் பாய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஹீரோ உதைத்தார். பந்து வலப்பக்கம் போனது. மஹ்ரூப் வலப்பக்கம் பாய்ந்து பிடித்தார்.

"அங்கிள், மற்றப் பக்கம் பாயுங்க," என்றார் தர்ஷன்.

"பந்து இந்தப் பக்கம்தானே வருது, தம்பி."

"தெரியும் அங்கிள். அதாலதான் அந்தப் பக்கம்."

"சரி," என்றார் மஹ்ரூப்.

மறுபடியும் உதைத்தார். மறுபடியும் பிடித்தார். அவர்கள் ஊர்ப் பக்கம் கைதட்டியது. கைதட்டக் கூடாது, இந்த இடத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். எப்படிக் கவலைப்படுவார்கள்? மஹ்ரூப் பிடிக்கப் பிடிக்க அவர்களுக்கு வயதல்லவா குறைந்துகொண்டிருந்தது.

அடுத்த தடவை மஹ்ரூப் உண்மையாகவே முயன்றார். இடப்பக்கம் சரிந்தார்; கால் மட்டும் வலப்பக்கம் நீண்டு பந்தைத் தட்டிவிட்டது. "நான் ஒண்டும் செய்யல்ல தம்பி, அது தானாப் போகுது," என்று காலைக் காட்டினார். அதற்கடுத்த உதையில் ஹீரோவின் கால் மணலில் பிசகிவிட்டது. அவரைக் கதிரையில் இருத்தி ஐஸ் வைத்தார்கள்.

தர்ஷன் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். மறுநாள் கொழும்புக்குப் போக வேண்டும், வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மச்சானைக் கூப்பிட்டு, "அங்கிள், நீங்க ஒருக்காக் கதைச்சிப் பாருங்களன்," என்றார்.

வேண்டாத கோல்

நான் கோலுக்குப் பின்னால் குந்தியிருந்து, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அவர்கள் பேசியது முழுவதும் எனக்குக் கேட்டது.

"மஹ்ரூப் நானா, இது படம்தானே. விட்டா என்ன?"

"என்ட பேரன் கட்டார்ல இரிக்கான். படம் அங்கயும் போகும். மூத்தாப்பா ஏன் விட்டீங்க எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

"நடிப்பு எண்டு சொல்லுங்க."

மஹ்ரூப் கையுறையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நீ சொல்லு ஜலால். நான் விட்டுத் தந்த கோல் ஒனக்கு வேணுமா?"

என் கை ஊசியோடு நின்றுவிட்டது. மச்சான் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. எத்தனை வருச ஆசை! வேணும் என்று சொன்னால் போதும், மஹ்ரூப் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

"வேணாம்," என்றார் மச்சான்.

பிறகு மச்சான் மெதுவாகச் சொன்னார்: "ஆட்டம் முடியல்ல எண்டு ஒருக்காச் சொல்லுங்க. இந்தக் காட்சியே வேணாமெண்டு நான் டைரக்டர்ட்டப் பேசுறன்."

"முடிஞ்சி," என்றார் மஹ்ரூப்.

மச்சான் திரும்பி நடந்தார். நேரே தர்ஷனிடம் போய், தானே உதைப்பதாகச் சொன்னார். முதுகுப் பக்கமாகக் கமரா வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மஹ்ரூப் தன் பாட்டில் பிடிக்கட்டும், நான் என் பாட்டில் அடிக்கிறேன் என்றார். தர்ஷனுக்கு வேறு வழியில்லை. ஹீரோவின் பச்சை ஜேர்சியைக் கழற்றி மச்சானுக்குப் போட்டார்கள். வயிறு தேவைப்படவில்லை.

வாழ்க்கையில் ஓர் ஆட்டத்திலும் பந்தை உதைக்காத மனுசன். முதல் உதை கடல் பக்கம் போனது. அடுத்தது உருண்டு உருண்டு போய் மஹ்ரூபின் காலடியில் நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். எங்கள் ஊர்ப் பக்கம் சிரிப்பு. அவர்கள் ஊர்ப் பக்கம் அதைவிடச் சிரிப்பு. மூன்றாவது கம்பத்துக்கு மேலால் பறந்து காகங்களைக் கலைத்தது. சம்பளத்துக்கு இருந்தவர் சந்தோசப்பட்டார்.

"போதும் மச்சான், வாங்க!" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை.

சூரியன் கடலைத் தொடுகிற நேரம். மச்சான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ஓடி வந்தார். அப்படி ஓர் உதை அவருக்குள் எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியாது. பந்து மேல் மூலையைப் பார்த்து நேரே வந்தது. நான் வலைக்குப் பின்னால் இருந்தேன் அல்லவா, என் முகத்துக்கு நேரே வந்தது. கோல் என்று நான் வாயைத் திறந்துவிட்டேன்.

மஹ்ரூப் பாய்ந்தார். அறுபதை நெருங்குகிற உடம்பு மேலே எழும்பியது. விரல் நுனி பட்டது. பந்து கம்பத்தில் மோதி வெளியே போனது. மஹ்ரூப் தொப்பென்று மணலில் விழுந்தார், எழும்பவில்லை.

முதலில் ஓடி வந்தது மச்சான்தான். முழங்காலில் விழுந்து, மஹ்ரூபின் தலையை நிமிர்த்தி, "மஹ்ரூப் நானா! மஹ்ரூப் நானா!" என்று உலுக்கினார். மஹ்ரூப் கண்ணைத் திறந்து வாயிலிருந்த மணலைத் துப்பினார்.

"பட்டிச்சா?" என்று கேட்டார்.

"பட்டிச்சி. பிடிச்சிட்டீங்க," என்றார் மச்சான். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

தர்ஷன் மட்டும் கெட்டிக்காரர். மச்சான் உதைத்தது, மஹ்ரூப் பாய்ந்தது, இரண்டும் கிடைத்துவிட்டது. இனி வலை அசைவதை மட்டும் தனியாக எடுத்து ஒட்டினால் கோல் ஆகிவிடும் என்றார். வலைக்குப் பக்கத்தில் இருந்தது நான். "அன்ரி, நான் சொன்ன உடன வலையப் பிடிச்சி ஒரு உலுப்பு உலுப்புங்க." உலுப்பினேன். அந்தப் படத்தில் என்னுடைய நடிப்பு அதுதான்.

மண்டபத்தில்

படம் வெளிவருவதற்கு முன், நடித்த சனத்துக்கெல்லாம் புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு ஊரும் பஸ் பிடித்துப் போனது. இங்கேயும் பாதிப் பாதியாகத்தான் உட்கார்ந்தது. நஸீரா டீச்சர் என் பக்கத்தில் இருந்தார். மச்சான் நடுப் பாதைக்கு இந்தப் பக்கம், மஹ்ரூப் அந்தப் பக்கம்.

நல்ல படம்தான். பொய் சொல்லவில்லை, வயிறு நோகச் சிரித்தோம். விசிலைத் தேடி அலைகிற இடத்தில் டீச்சரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெரிய கண் மனைவி அழ அழ மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முறைத்தேன்.

கடைசியில் பெனல்டி. திரையில் பச்சை ஜேர்சி முதுகு, வெறுங்கால், உதை. மஹ்ரூப் பாய்கிறார். வலை குலுங்குகிறது. கோல்!

எங்கள் பக்கம் எழும்பி நின்று கத்தியது. "ஒண்டுக்கு ஒண்டு! சமன்! சமன்!" என்று பொடியன்கள் கதிரையில் ஏறினார்கள்.

மஹ்ரூபும் எழும்பி நின்றார். பேச்சுக் குறைந்த மனுசன், மண்டபமே அதிரக் கத்தினார்: "நிப்பாட்டுங்க! அது கோல் இல்ல!"

"படத்தப் பாருங்க மாமா, வலை ஆடுதே!" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பொடியன் சீண்டினான். "சமன்!"

"எப்பிடிச் சமனாகும்?" மஹ்ரூப் முன் கதிரையில் ஓங்கித் தட்டினார். "ரெண்டாம் பாதி விளையாடவே இல்லியே!"

கதிரையில் ஏறிய பொடியன்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். திரையில் மட்டும் இரண்டு ஊரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.

தான் சொன்னது என்ன என்று மஹ்ரூபுக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. எங்கள் பக்கம் சிரிக்கத் தொடங்கியது. மச்சான் சிரிக்கவில்லை. எழும்பி, நடுப் பாதையைக் கடந்து, அவர்கள் பக்கம் போனார். கொடியை ஆட்டுவார், குதிப்பார், இத்தனை வருசத்துக்கும் சேர்த்துக் கொண்டாடுவார் என்று நான் நினைத்தேன்.

"ஓம் மஹ்ரூப் நானா. அது கோல் இல்ல," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "நீங்க பிடிச்சிட்டீங்க. நான் பாத்தன்."

எங்கள் பக்கத்துச் சிரிப்பும் நின்றது. தன் ஊருக்குக் கிடைத்த ஒரே கோலை மனுசன் தன் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிட்டார். மஹ்ரூப் பக்கத்துக் கதிரையிலிருந்த தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். மிச்சப் படத்தை இருவரும் அங்கேயே ஒன்றாக இருந்து பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். பாலாவி தாண்டிய பிறகு, "கேட்டதா புள்ள?" என்றார்.

"கேட்டது மச்சான்," என்றேன்.

சில நாள் கழித்து, காலையில் மெசினடியில் இருக்கிறேன். வாசலில் சலாம் கேட்டது. மஹ்ரூப். கையில் ஒரு சிவப்புத் துணி, அவர்களுடைய ஊர் ஜேர்சி நிறம். ஒரு பை நிறைய வெங்காயத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, கையிரண்டையும் விரித்துக்கொண்டு நின்றார். நான் டேப்பைக் கொடுக்க, மச்சான்தான் அவரை அளந்தார். வயிற்றுச் சுற்றளவு இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

"நெஞ்சுக்கிட்டக் கொஞ்சம் லூசா வைங்க தங்கச்சி," என்றார் மஹ்ரூப். "இன்னம் ஒரு பாதி கெடக்குது."